யார் வீட்டுப் பிள்ளைகள்?

மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்த அன்றிரவு அம்மாவை அழைத்தேன். பள்ளி வீட்டுக்குப் பக்கமா, பேருந்து வாசலுக்கு வருமா, மதியச் சாப்பாடு யார் கொடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாம் முடிந்தபின், பக்கத்தில் யாரோ இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அங்க யார் வீட்டுப் பிள்ளைக படிக்குது?” என்றாள்.

விருதுநகர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தக் கேள்விக்கு உரை தேவையில்லை. கடைவீதியில், பேருந்தில், கல்யாண வீட்டில் இதைப் பலர் கேட்கப் பார்த்திருக்கிறேன். சாதியின் பெயரைச் சொல்லாமல் சாதியைக் கேட்கும் வழி இது. “எல்லாரும்தாம்மா” என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். அம்மாமேல் எரிச்சலாக வந்தது. ஆனால் அவளுக்கு முன்பே அந்தக் கேள்வியை நான் கேட்டுவிட்டிருந்தேன். வாயால் கேட்கவில்லை, கணினியில் கேட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், தெற்கே ஒரு கவுண்டி. நம் ஊர் வட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு. பைன் காடு, புகையிலைக் கொல்லை, மூடிக்கிடக்கும் துணி ஆலை, ஒரு சிறிய மருத்துவமனை. இங்கே ஜே-1 விசாவில் வந்து பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு மருத்துவர் நாடு திரும்பாமல் தங்க வேண்டுமானால், மருத்துவர் கிடைக்காத பகுதி ஒன்றில் மூன்றாண்டுகள் வேலை செய்ய ஒரு வழி உண்டு. அப்படித்தான் என் இணையர் இங்கே வந்தார். அவரைச் சார்ந்து நானும் எச்-4 விசாவில் வந்தேன். முதுகலைப் பட்டம் இருந்தும் வேலை பார்க்க எனக்கு அனுமதி இல்லை. அதனால் மகளுக்குப் பள்ளி பார்ப்பதுதான் அந்தக் கோடையில் என் முழுநேர வேலை.

மாநிலக் கல்வித்துறை ஒவ்வோர் ஆண்டும் பள்ளிவாரியாகச் சேர்க்கை அட்டவணை வெளியிடுகிறது. எந்த வகுப்பில் எத்தனை பேர், எந்த இனத்தில் எத்தனை பேர் என்று அதில் இருக்கும். தேர்ச்சி விகிதத்தைப் பார்ப்பதற்கு முன் நான் பார்த்தது அந்த அட்டவணையைத்தான். எங்கள் கவுண்டியின் மக்கள்தொகையில் வெள்ளையரே அதிகம். பள்ளி அட்டவணையிலோ கறுப்பினப் பிள்ளைகள் பாதிக்கு மேல். ஹிஸ்பானிக் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டிருந்தது. ஆசியர் என்ற இடத்தில் எண்ணே இல்லை, ஒரு குறி மட்டும் இருந்தது. எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் பிள்ளைகளை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக மறைத்துவிடுவார்களாம். என் மகள் அந்தக் குறிக்குள்தான் போகப்போகிறாள்.

அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குள் ஒரு தயக்கம் எழுந்தது. அதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் ‘கல்வித் தரம்’.

சேர்க்கைப் படிவத்தில் இனம் பற்றி இரண்டு கேள்விகள். பிள்ளை ஹிஸ்பானிக்கா, இல்லையா என்பது முதல் கேள்வி. அமெரிக்கப் பூர்வகுடி, ஆசியர், கறுப்பினத்தவர், ஹவாய் மற்றும் பசிபிக் தீவினர், வெள்ளையர் என்ற ஐந்தில் ஒன்றையோ பலவற்றையோ குறிக்கச் சொல்வது இரண்டாவது. ஒன்றிய அரசின் கல்வித்துறை 2007இல் வகுத்த முறை இது. “எதையும் குறிக்காமல் விட்டால்?” என்று அலுவலகத்தில் இருந்த பெண்மணியிடம் கேட்டேன். அம்மாவின் வயதிருக்கும் கறுப்பினப் பெண். “அப்போ பிள்ளையைப் பார்த்து நாங்களே குறிக்கணும்” என்றார். சொல்வதற்கே அவருக்குச் சங்கடமாக இருந்தது. விதி அப்படித்தான் இருக்கிறது. பெற்றோர் சொல்லாவிட்டால், கடைசி வழியாகப் பள்ளி ஊழியர் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

‘ஆசியர்’ என்று குறித்தேன். அந்தக் கட்டமும் நிலையாக இருந்ததில்லை. பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியரை வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1977இல் ஒன்றிய அரசு வகுத்த பிரிவுகளில் ஆசியர் பக்கம் வந்தோம். எங்கள் தோல் மாறவில்லை, கட்டம்தான் மாறிக்கொண்டிருந்தது.

பள்ளி திறக்கச் சில வாரங்கள் இருந்தபோது மருத்துவமனையில் இணையரோடு வேலை செய்யும் ஒருவர் எங்களை விருந்துக்கு அழைத்தார். அவர் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டு, இருபது நிமிட தூரத்தில் ஒரு தனியார் பள்ளி இருக்கிறது, டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் என்று அக்கறையாகச் சொன்னார். அடுத்த வாரம் போய்ப் பார்த்தோம். நல்ல மைதானம், நல்ல நூலகம். எங்களைக் கண்டதும் அவர்களுக்கு உண்மையான மகிழ்ச்சி. பள்ளியின் கையேட்டு அட்டையில் நான்கு பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் ஒரு பெண் நம் நிறம். மைதானத்தில் விளையாடிய பிள்ளைகளைப் பார்த்தேன். அட்டையில் இருந்த கலவை அங்கே இல்லை. அடுத்த ஆண்டு அட்டைக்கு என் மகள் ஆகிவிடுவாள் என்று தோன்றியது.

வாசல் பலகையில் பள்ளி தொடங்கிய ஆண்டு பொறித்திருந்தது. அது 1960களில் ஒன்று. அமெரிக்கத் தென் மாநிலங்களில் இப்படி 1950களின் இறுதியிலும் 60களிலும் 70களின் தொடக்கத்திலும் முளைத்த தனியார் பள்ளிகள் ஏராளம். வரலாற்றில் அவற்றுக்கு ‘செக்ரிகேஷன் அகாடமி’ என்று பெயர். பிரித்துவைப்பதற்கான பள்ளி என்று பொருள். பொதுப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னபோது, தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிய வெள்ளையப் பெற்றோர் கட்டிய பள்ளிகள் அவை.

எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இருக்கிறது. அதன் தலைநகர் ஃபார்ம்வில். அங்கே ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் என்ற பழைய உயர்நிலைப் பள்ளியை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மகளை அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போனேன்.

கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1939இல் கட்டிய அந்தப் பள்ளி சுமார் 180 பேருக்கானது. 1951இல் அங்கே 450க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். சாப்பாட்டுக் கூடம் இல்லை, உடற்பயிற்சிக் கூடம் இல்லை. இட நெருக்கடிக்குத் தீர்வாகக் கல்வி வாரியம் தார்க் காகிதம் ஒட்டிய கொட்டகைகளைப் போட்டுக் கொடுத்தது. பார்பரா ஜான்ஸ் அங்கே படித்த 16 வயதுப் பெண். ஒருநாள் தம்பி தங்கைகளைக் கிளப்பி அனுப்பும் அவசரத்தில் பேருந்தைத் தவறவிட்டுச் சாலையில் நின்றாள். வெள்ளையப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து பாதி காலியாக அவளைக் கடந்து போனது. 1951 ஏப்ரல் 23 அன்று, தலைமையாசிரியரை ஒரு பொய்யான தொலைபேசி அழைப்பால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்களை அரங்கில் கூட்டி வேலைநிறுத்தம் அறிவித்தாள். ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னார்கள். மொத்தப் பள்ளியும் அவள் பின்னால் நடந்தது.

அவர்கள் முதலில் கேட்டது நல்ல கட்டடம்தான். வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனும், பிரித்துவைப்பதையே எதிர்ப்பதானால்தான் வழக்கை எடுப்போம் என்றார்கள். பெற்றோரில் சிலர் தயங்கினார்கள், பிள்ளைகள் சம்மதித்தார்கள். வழக்கில் 117 மாணவர்கள் சேர்ந்தார்கள். பட்டியலில் முதல் பெயர் டோரதி டேவிஸ், ஒன்பதாம் வகுப்புப் பெண். அந்த வழக்கும் வேறு நான்கு வழக்குகளும் சேர்ந்துதான், பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்ற 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பானது. பார்பராவுக்கு ஆபத்து என்று அஞ்சிய குடும்பம் அதற்குள் அவளை அலபாமாவில் இருந்த அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பின்னாளில் அவர் நூலகர் ஆனார்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. பிள்ளைகளைச் சேர்ந்து உட்காரவைப்பதைவிட, பள்ளியே இல்லாமல் இருக்கலாம் என்று அந்தக் கவுண்டி முடிவு செய்தது. 1959இல் பள்ளிகளுக்கான வரியை விதிக்க மறுத்தது. எல்லாப் பொதுப் பள்ளிகளும் பூட்டப்பட்டன. வெள்ளையப் பிள்ளைகளுக்கு உடனே ஒரு தனியார் பள்ளி தயாரானது, பொதுப் பள்ளி ஆசிரியர்கள் அங்கே போனார்கள். ஏறத்தாழ 1,700 கறுப்பினப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். உறவினர் இருந்தவர்கள் பக்கத்துக் கவுண்டிகளுக்குப் போனார்கள். சிலர் வேறு மாநிலங்களில் முன்பின் தெரியாத குடும்பங்களில் தங்கிப் படித்தார்கள். தேவாலயங்களில் பெண்கள் ‘பயிற்சி மையங்கள்’ நடத்தி, எழுத்து மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். பலர் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. உச்ச நீதிமன்றம் 1964இல் கட்டாயப்படுத்திய பிறகுதான் பள்ளிகள் திறந்தன. அப்போது சேர்ந்த வெள்ளையப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது, இரவில் நான் பார்த்த அந்தச் சேர்க்கை அட்டவணை வேறு மாதிரி தெரிந்தது. அதை நான் ஊரின் படம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது யார் யாரெல்லாம் எழுந்து போனார்கள் என்பதன் கணக்கு. இருக்கும் பிள்ளைகளின் எண்ணைச் சொல்கிறதே தவிர, எந்த வீட்டில் எந்தத் தாயும் தகப்பனும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து “அங்கே வேண்டாம்” என்று முடிவெடுத்தார்கள் என்று சொல்வதில்லை. அப்படி ஒரு மேசையில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து போக எனக்கு ஒரு வசதியான வழியும் இருந்தது. ‘நாங்கள் அவர்கள் இல்லையே.’

இந்த வாதத்தை ஏற்கெனவே ஒரு குடும்பம் நீதிமன்றம்வரை கொண்டுபோயிருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தில் பொலிவர் கவுண்டி, ரோஸ்டேல் என்ற சிற்றூர். அங்கே மளிகைக்கடை வைத்திருந்த சீனக் குடும்பத்தின் ஒன்பது வயது மகள் மார்த்தா லம். 1924இல் வெள்ளையர் பள்ளியிலிருந்து, நீ சீனப் பெண் என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். பிரித்துவைப்பது தவறு என்று அவர்கள் தரப்பு சொல்லவில்லை. சீனர் கறுப்பினத்தவர் அல்லர் என்றது. வெள்ளையர் எந்தக் கலப்பிலிருந்து தங்கள் பிள்ளைகளைக் காக்கிறார்களோ, அதற்குள் எங்கள் பிள்ளையைத் தள்ளுவது நியாயமா என்றது. உச்ச நீதிமன்றம் 1927இல் ஒருமனதாக அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வெள்ளையர் அல்லாதவரைக் கறுப்பினப் பள்ளிக்கு அனுப்ப மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றது. குடும்பம் அர்கன்சா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது.

மார்த்தாவின் அம்மாவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் எந்தத் தாயும் கையில் கிடைத்த கட்டையைத்தான் எடுப்பாள். ஆனால் அந்தக் கட்டை அடுத்த வீட்டுப் பிள்ளைமேல் விழுகிறது. ‘என் பிள்ளையை மட்டும் விட்டுவிடு’ என்று கேட்கும் வழக்கு, மற்றப் பிள்ளைகளை வைத்துக்கொள் என்று எழுதிக்கொடுப்பதற்குச் சமம். பதினாறு வயதுப் பார்பராவுக்கு அந்த வழி இல்லை. எனக்கு இருக்கிறது. அதனால்தான் எனக்குச் சோதனை அதிகம்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு? ஒரு கவுண்டியே தன் பள்ளிகளைப் பூட்டும் அளவுக்கு என்ன பயம்? வர்ஜீனியாவின் இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதை 1924இல் இம்மாநிலம் இனத் தூய்மைச் சட்டம் போட்டுத் தடுத்தது. மில்ட்ரெட் லவிங் என்ற பெண்ணும் அவர் கணவரும் போராடி 1967இல்தான் உச்ச நீதிமன்றத்தில் அதை வீழ்த்தினார்கள். பிரின்ஸ் எட்வர்டில் பள்ளி திறந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு. ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் நாளைக்கு ஒரே வீட்டில் வாழ ஆசைப்படலாம். பயம் கணக்குப் பாடத்தைப் பற்றியது அல்ல, மகள்களைப் பற்றியது.

இதை எழுதும்போது என் பதினோரு வயது நினைவுக்கு வருகிறது. நான் ஆதிக்கச் சாதியில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்புவரை ஊரில் இருந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்தேன். காலனியிலிருந்து வந்த ஒருத்தியும் நானும் ஐந்து வருடமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒரே சிலேட்டுக் குச்சியை உடைத்து எழுதினோம். என்னைத் தேடி வீட்டுக்கு வந்தால் வாசலுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். உள்ளே வா என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை, தெரிந்திருந்தது.

ஆறாம் வகுப்புக்கு என்னை டவுனில் சாதிச் சங்கம் நடத்திய பெண்கள் பள்ளிக்கு மாற்றினார்கள். “வயசுக்கு வர்ற பிள்ளை, இனிமே அந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம்” என்றாள் அம்மா. ‘நல்ல பள்ளி’ என்பது ஊருக்குச் சொன்ன காரணம். அம்மாவைக் கூண்டில் ஏற்றுவது எளிது. ஆனால் அவளை எட்டாவதோடு நிறுத்தியவர்கள், அவள் பெரிய மனுஷி ஆனதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். மகளைப் படிக்கவைக்க வீட்டு ஆண்களிடம் அவள் பேரம் பேசினாள். ‘நம்ம ஆளுக’ பள்ளி என்பதே அந்தப் பேரத்தின் விலை. என் பட்டத்துக்கான விலையைக் கொடுத்தவள் அவள் மட்டுமல்ல. காலனித் தோழி எட்டாவதோடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ஊரில் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்பிய பிறகு அந்தப் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் குறைந்தால் கேட்க ஆளில்லை.

இனமும் சாதியும் ஒன்றல்ல. வந்த வழி வேறு, சட்டங்கள் வேறு. ஆனால் பெற்றோர் பள்ளி வாசலில் நின்று கேட்கும் கேள்வி ஒன்றுதான். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை, ஆதிக்கச் சாதிப் பெற்றோர் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். அவர்களைப் பற்றிக் கோபமாக நானும் பேசியிருக்கிறேன். கடல் கடந்து வந்து, அட்டவணையில் கறுப்பினப் பிள்ளைகளின் எண்ணைப் பார்த்துத் தயங்கியபோது என்மேல் எனக்கு அந்தக் கோபம் வரவில்லை. கல்வித் தரம் என்று சொல்லிக்கொண்டேன்.

மகள் பொதுப் பள்ளியிலேயே படிக்கிறாள். இணையருக்கு முழுச் சம்மதம் இல்லை. அவர் சொல்வதில் உண்மையும் உண்டு. கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் கிடைக்காமல் மாதக்கணக்கில் தற்காலிக ஆசிரியரே வந்தார். என் கொள்கைக்காகப் பிள்ளையின் படிப்பைப் பலி கொடுக்கிறாயா என்று அவர் கேட்ட இரவுகளில் எனக்கும் தூக்கம் வரவில்லை. வேலை பார்க்க அனுமதி இல்லாத என்னிடம் நேரம் இருந்தது. கல்வி வாரியத்தின் மாதக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கினேன். கணக்கு ஆசிரியர் எப்போது வருவார் என்று மூன்று கூட்டங்களில் கேட்டேன். என்னோடு எழுந்து நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பாட்டிமார். அவர்களில் ஒருவர், தன் அம்மா காலத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள் என்று சிரித்தார். ஆசிரியர் வர ஒரு பருவம் ஆனது. பிள்ளையை வெளியே எடுத்திருந்தால் அந்த அறையில் ஒரு குரல் குறைந்திருக்கும். அட்டவணையில் ஒரு குறியும் குறைந்திருக்கும்.

போன மாதம் மகளின் பிறந்தநாள். வகுப்பிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா காணொளியில் வந்தாள். பேத்தியைச் சுற்றித் தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

“யாரு இவுக எல்லாம்?”

“கூடப் படிக்கிற பிள்ளைகம்மா.”

அம்மா வேறு எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “அந்தப் பிள்ளை தட்டுல சட்னி இல்ல பாரு, ஊத்து” என்றாள். ஊற்றினேன். பிள்ளைகள் போனபிறகு பாத்திரம் துலக்கும்போதும் எனக்கு வாசலுக்கு வெளியே நின்று என் பெயரைக் கூப்பிட்டவளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.